எரிமலை வண்டலில் உருவான பாலைவன மேய்ச்சல் மண்ணைப் படிப்பது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

கிண்டியிலும் தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் ஒருபோதும் மிதித்திராத நிலங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர்கள் சென்னையில் பலர் இருக்கிறார்கள். நெவாடாவில் சூரிய மின்பலகை நிறுவ ஓர் இடம், ஓரிகனில் ஒரு மேய்ச்சல் குத்தகை, நியூ மெக்சிகோவில் ஒரு குழாய்ப் பாதை என்று கோப்புகள் வருகின்றன. கோப்போடு ஒரு மண் விவரணையும் வருகிறது. அதில் உள்ள எழுத்துகளும் எண்களும் புரியாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மண் அறிக்கைகளைச் சரிபார்ப்பதே என் வேலை என்பதால், இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. அந்த விவரணையில் ஒரு நிலத்தின் முழு வரலாறும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே எந்தப் புல் வளரும், எத்தனை மாடு மேயலாம், எங்கே குழி தோண்டினால் கடப்பாரை மழுங்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகை மண்ணைப் பற்றியது: எரிமலைப் பாறைகள் உடைந்து, ஓடைகளால் மலையடிவாரத்துக்கு அடித்து வரப்பட்டு, வறண்ட மேய்ச்சல் வெளியில் படிந்து உருவான மண். இதைப் படிக்க ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கியது, எங்கே நின்றது? நிறம், களி, சுண்ணாம்பு, கல்லாக இறுகிய அடுக்கு, மேலே நிற்கும் செடி எல்லாமே இந்தக் கேள்விக்கான விடைகள்.

படி 1: முதலில் மழைக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

சென்னைக்காரர்களின் மனத்தில் உள்ள மழை அளவு இந்த வேலைக்கு உதவாது. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. நெவாடாவின் சராசரி ஆண்டு மழையோ சுமார் 250 மி.மீ. தாழ்வான சமவெளிகளில் அதைவிடவும் குறைவு. நாம் ஒரு நாளில் வாங்கியது அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கான மழை.

அளவைவிட முக்கியமானது பருவம். நெவாடாவும் கிழக்கு ஓரிகனும் அடங்கிய பெரும் வடிநிலப் பகுதியில் ஈரத்தின் பெரும்பங்கு குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும், பனியாகவும் மழையாகவும் வருகிறது. அப்போது வெயில் இல்லை, செடிகள் உறங்குகின்றன, ஆவியாதல் குறைவு. அதனால் கொஞ்ச மழைகூட ஆழமாக இறங்குகிறது. நியூ மெக்சிகோவின் தெற்கில் நிலைமை வேறு. அங்கே கோடை இடிமழைதான் பெரும்பங்கு. கொளுத்தும் வெயிலில் பெய்து, மேற்பரப்பிலேயே ஆவியாகிவிடும். ஒரே 250 மி.மீ. இரண்டு இடங்களில் இரண்டு விதமான மண்ணை உருவாக்கும். எனவே விவரணையில் ஆண்டு மழையை மட்டும் பார்க்காமல், அது எந்த மாதங்களில் பெய்கிறது என்பதைத் தேடி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மேலிருந்து நிலத்தைப் பாருங்கள்

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து உங்கள் இடத்தைத் தேடுங்கள். இந்த வகை நிலத்தில் மலைத்தொடர், அதன் அடியில் விசிறியாக விரிந்த சரிவு, அதற்கும் கீழே தட்டையான பள்ளம் என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். மலையிலிருந்து வெளியேறும் ஓடை, வேகம் குறைந்தவுடன் பெரிய கற்களை முதலில் போடும், சரளையை அடுத்துப் போடும், நுண்மண்ணைக் கடைசியில் கீழே கொண்டு சேர்க்கும். ஆகவே மலைக்கு அருகே கல் மிகுந்த மண், பள்ளத்தில் நுண்மண்ணும் உப்பும்.

விசிறிப் பரப்பு முழுவதும் ஒரே வயதுடையது அல்ல. புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். படத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். வெளிர் நிறத்தில் பின்னல் பின்னலாக ஓடுபவை இன்றும் வெள்ளம் போகும் ஓடைகள். அங்குள்ள படிவு இளையது, அடுக்குகள் உருவாக நேரமே கிடைத்திருக்காது. ஓடைகளுக்கு இடையே சற்று உயரமாக, கருமை படிந்த மேடுகள் தெரியும். அங்குள்ள கற்களின் மேல் பல்லாயிரம் ஆண்டுகளாக இரும்பும் மாங்கனீசும் கலந்த கரும்பூச்சு ஏறியிருக்கிறது. பழைய விசிறியின் மிச்சங்கள் அவை. களி சேர்ந்த அடுக்கும் கல்லாக இறுகிய அடுக்கும் அங்கேதான் இருக்கும். ஐம்பது மீட்டர் இடைவெளியில் முற்றிலும் வேறான இரண்டு மண் வகைகள் இருக்கலாம். மண் வரைபடத்தில் ஒரே நிறத் திட்டாகக் காட்டியிருந்தாலும், அந்தத் திட்டுக்குள் இரண்டு மூன்று மண் வகைகள் கலந்திருப்பதை அதன் குறிப்புரையே சொல்லும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் 'வெப் சாயில் சர்வே' தளமும், கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் 'சாயில்வெப்' செயலியும் இலவசம். சென்னையில் இருந்தபடியே எந்தத் திட்டையும் தொட்டுப் பார்த்து, அதன் மண் தொடர் (ஒரே மாதிரி அடுக்குகள் கொண்ட மண்களுக்குத் தரும் பொதுப்பெயர்) விவரணைக்குப் போய்விடலாம்.

படி 3: எந்த எரிமலைக் கல்?

"எரிமலை வண்டல்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. தாய்ப்பாறை எது என்பதைப் பொறுத்துக் கதையே மாறும்.

பசால்ட் கருமையானது. இரும்பு, மக்னீசியம், கால்சியம் மிகுந்தது. சிதையும்போது சுருங்கி விரியும் களியைத் தரும். தக்காணப் பசால்ட்டில் கரிசல் உருவானதும் இப்படித்தான். ரயோலைட் வெளிறிய இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் நிறம். சிலிக்கா மிகுதி, கால்சியம் குறைவு, மெதுவாகவே சிதையும். ஆண்டிசைட் இரண்டுக்கும் நடுவில். டஃப் என்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. சாம்பல் சூட்டோடு படிந்து ஒட்டிக்கொண்டால் கெட்டியான டஃப் கிடைக்கும். சாம்பலிலும் நுரைக்கல்லிலும் இருப்பது பெரும்பாலும் எரிமலைக் கண்ணாடி. படிகமாக நேரமில்லாமல் சட்டென்று குளிர்ந்துபோன உருகல் அது.

இதை உணர ஒரு எளிய வழி உண்டு. குதிகால் தேய்க்க விற்கும் இயற்கையான நுரைக்கல் ஒன்றை வாங்குங்கள். செயற்கைக் கல்லும் கலந்து விற்கிறார்கள், கவனம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஓரத்தை உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பாருங்கள். கண்ணாடி இழைகளும் அவற்றுக்கிடையே உருண்டையும் நீளமுமான துளைகளும் தெரியும். பிறகு பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி ஒன்றை எடுத்து அதே வில்லையில் பாருங்கள். அது சார்னோக்கைட். புவியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது, முழுக்கப் படிகம், ஒரு துளையும் இல்லை. புனித தோமையார் மலையில் உள்ள அந்தப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண்ணுக்கு, கண்ணாடி ஏன் எளிதில் கரைகிறது, படிகம் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பது விளக்கமில்லாமலே புரியும். இந்தக் கரையும் கண்ணாடியைப் பற்றி ஏழாம் படியில் பேசுவோம்.

கூடுதலாக ஒன்று. சாம்பல் எப்போதும் பக்கத்து மலையிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. ஓரிகனில் மசாமா எரிமலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, இன்றைய கிரேட்டர் ஏரிப் பள்ளமாக இடிந்து விழுந்தது. அதன் சாம்பல் பல மாநிலங்களைத் தாண்டிப் பரவியது. சுண்ணாம்புப் பாறை மலையின் அடிவாரத்திலும் எரிமலைக் கண்ணாடி கிடைக்கலாம்.

படி 4: மேற்பரப்பைக் குனிந்து பாருங்கள்

குழி தோண்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள். பழைய மேடுகளில் சரளைக் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தளம் பாவியதுபோல் கிடக்கும். காற்று மண்ணை வாரிக்கொண்டு போனதால் கற்கள் மிஞ்சின என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பல இடங்களில் நடந்தது நேர்மாறானது என்று இப்போது தெரிகிறது. காற்றில் வந்த புழுதி கற்களின் இடுக்கில் விழுந்து கீழே இறங்க இறங்க, கற்கள் மேலேயே தங்கி மெல்ல உயர்ந்திருக்கின்றன.

ஒரு கல்லை மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். அடியில் சில சென்டிமீட்டர் தடிமனுக்கு வெளிறிய மண் இருக்கும். அதைப் பிளந்தால் உள்ளே ஊசிமுனை முதல் சில மில்லிமீட்டர் வரையிலான உருண்டைத் துளைகள் நிறைந்திருக்கும். மழையில் நனையும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியின்றிக் குமிழாக நின்றுவிடுகிறது. நனைவதும் காய்வதும் திரும்பத் திரும்ப நடக்க, குமிழ்கள் நிலைத்துவிடுகின்றன. துளைகள் இவ்வளவு இருக்கிறதே, தண்ணீர் நன்றாக இறங்குமே என்று தோன்றும். இறங்காது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்தவை அல்ல. இந்தக் குமிழ் அடுக்கு மழைநீரைத் தடுத்துச் சரிவில் ஓட விடுகிறது.

ஆனால் இரண்டடி தள்ளி ஒரு புதரின் கீழ் நிலைமை வேறு. அங்கே காற்று கொண்டுவந்த மணலும் உதிர்ந்த இலையும் சேர்ந்து சிறு மேடாக இருக்கும், தண்ணீர் தங்கு தடையின்றி இறங்கும், சத்தும் அங்கேதான் குவிந்திருக்கும். ஆகவே இந்த நிலத்தில் ஒரு குழி போதாது. புதரின் கீழ் ஒன்று, புதர்களுக்கு இடையே வெற்றிடத்தில் ஒன்று என இரண்டு தோண்ட வேண்டும். யாராவது ஒரே எண்ணைக் கொடுத்து "இந்த நிலத்தின் நீர் உறிஞ்சும் வேகம்" என்று எழுதியிருந்தால், எந்த இடத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

படி 5: குழியின் சுவர் – நிறம், களி, கல்

குழியை ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கோ, தோண்ட முடியாத அடுக்கு வரும் வரையிலோ எடுக்க வேண்டும். வெயில் படும் சுவரைக் கத்தியால் சுரண்டிப் புதிய முகத்தை வெளிக்கொண்டு வாருங்கள்.

நிறத்தை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறிக்கிறார்கள். '10 ஒய்ஆர் 6/3' என்று இருந்தால், 10 ஒய்ஆர் என்பது மஞ்சளும் சிவப்பும் கலந்த சாயல், 6 என்பது வெளிச்சம், 3 என்பது நிறத்தின் அடர்த்தி. கண்ணுக்கு வெளிறிய பழுப்பாகத் தெரியும். உலர்ந்த நிறம், நனைந்த நிறம் என இரண்டையும் எழுதுவது மரபு. மேல் மண்ணிலேயே வெளிச்ச எண் உயர்ந்து இருந்தால் மட்கு மிகக் குறைவு என்று பொருள். பாலைவனத்தில் அதுதான் இயல்பு.

களியை விரலால் அளக்கலாம். 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணை உள்ளங்கையில் எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கி நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளத்துக்குள் முறிந்தால் இருபொறை மண், அதாவது மணலும் நுண்மண்ணும் களியும் கலந்த மண். 2.5 முதல் 5 செ.மீ. வரை நின்றால் களி கலந்த இருபொறை. அதற்கு மேலும் நீண்டால் களிமண். நறநறவென்றால் மணல் மிகுதி, மாவுபோல் வழுவழுத்தால் சில்ட் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பெரிய துகள்) மிகுதி. செங்கல்பட்டுச் செம்மண், அடையாற்றங்கரை வண்டல், கடற்கரை மணல் மூன்றையும் வைத்துப் பழகிவிட்டால் விரல் ஏமாறாது.

மேல் அடுக்கைவிட அதற்கு அடுத்த அடுக்கில் களி தெளிவாகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் அடுக்கின் களி 15 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்தால், கீழ் அடுக்கில் அது குறைந்தது 1.2 மடங்காக இருக்க வேண்டும். மண் கட்டிகளின் முகத்தில் மெழுகு தடவியதுபோன்ற பளபளப்பும் இருந்தால், தண்ணீர் களியை மேலிருந்து சுமந்து வந்து அங்கே இறக்கிவிட்டது என்று பொருள். விவரணையில் இந்த அடுக்கு 'பிடி' (Bt) என்று குறிக்கப்படும்.

250 மி.மீ. மழைக்கு இவ்வளவு களியை நகர்த்தும் வலு உண்டா என்று இங்கே நீங்கள் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் சரியானதே. கடைசிப் பனியுகத்தில் அந்தப் பகுதி இன்றைவிட ஈரமாக இருந்தது. நெவாடாவின் பெரும் பள்ளங்களில் லகோன்டன் என்ற ஏரி நிரம்பியிருந்தது. இன்றைய பிரமிட் ஏரி அதன் மிச்சம். பழைய மேடுகளில் நாம் பார்க்கும் கனத்த களி அடுக்குகளின் பெரும்பகுதி அந்த ஈரக் காலத்தின் வேலை. கூடவே புழுதியும் களியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. குழியின் சுவரில் இன்றைய மழை தனியாக இல்லை, பழைய மழையும் பதிந்திருக்கிறது.

பிறகு கல். 2 மி.மீ.க்கு மேற்பட்டவை எல்லாம் கல் கணக்கில் சேரும். 75 மி.மீ. வரை சரளை, 250 மி.மீ. வரை கூழாங்கல், அதற்கு மேல் பெருங்கற்கள். கன அளவில் 35 சதவீதமும் அதற்கு மேலும் கல் இருந்தால், அந்த மண்ணின் பெயரிலேயே 'ஸ்கெலிட்டல்' என்ற சொல் ஏறிவிடும். எடையைக் கன அளவாக நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சல்லடையில் கிடைப்பது எடை விகிதம், சுவரில் கண்ணால் மதிப்பிடுவது கன அளவு.

படி 6: சுண்ணாம்பு எந்த ஆழத்தில்?

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவிட்டு நுரை பொங்குகிறதா என்று பார்ப்பதே சோதனை. ஒரு பங்கு அடர் அமிலத்துக்குப் பதினொரு பங்கு தண்ணீர். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வீட்டில் பழக வினிகரே போதும், வேகம் குறைவாக இருக்கும். மெரினாவில் பொறுக்கிய கிளிஞ்சலைப் பொடித்து ஒரு சொட்டு விட்டால் பொங்கும். கருங்கல் ஜல்லிப் பொடியில் ஒன்றும் நடக்காது. அந்த இரண்டு எல்லைகளும் கண்ணில் பதிந்திருந்தால் போதும்.

ரயோலைட் சரளையில் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் அந்தச் சரளையால் ஆன பாலைவன மண்ணில் அமிலம் விட்டால், மேல் அடுக்கில் அமைதி, கீழே போகப் போகக் கடுமையான பொங்கல். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசெஸ் அருகே லெலண்ட் கைலும் அவரது குழுவினரும் இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். புழுதியும் மழைநீரும் கொண்டுவந்த கால்சியம் என்பது அவர்கள் கண்ட விடை. மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கி, தண்ணீர் தீர்ந்துபோகும் ஆழத்தில் கைவிட்டுவிடுகிறது. சுண்ணாம்பு தொடங்கும் ஆழத்துக்கும் மழை அளவுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1930களிலேயே ஹான்ஸ் ஜென்னி எடுத்துக்காட்டினார். ஆகவே 'பிகே' (Bk) என்று குறித்த சுண்ணாம்பு அடுக்கு எங்கே தொடங்குகிறதோ, சாதாரண ஆண்டுகளில் தண்ணீர் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

1966இல் கைல் குழுவினர் வகுத்த, சுண்ணாம்பு சேரும் நான்கு கட்டங்களை மனப்பாடம் செய்வது நல்லது. சரளை மண்ணில் முதல் கட்டம், கற்களின் அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் பூச்சு. இரண்டாவது, கல்லைச் சுற்றிலும் பூச்சு, சில கற்களுக்கிடையே வெள்ளைப் பாலம். மூன்றாவது, இடுக்கெல்லாம் அடைபட்டு அடுக்கே வெள்ளையாகிவிடும். நான்காவது, அடைபட்ட அடுக்கின் தலையில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தகடு தகடாகச் சுண்ணாம்பு படியும். கட்டம் ஏற ஏற நிலத்தின் வயதும் ஏறுகிறது. தென் தமிழ்நாட்டுக் கரிசல் காடுகளில் சுக்கான் கல்லைத் தோண்டி எடுத்தவர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல.

பூச்சு ஏன் கல்லின் அடியில் தொடங்குகிறது? இறங்கும் நீரின் கடைசித் துளி கல்லின் அடிப்புறத்தில் தொங்கிக் காய்கிறது, தன்னிடம் இருந்ததை அங்கேயே விட்டுவிடுகிறது. இதை வைத்து ஓர் அருமையான சோதனை செய்யலாம். குழியின் சுவரில் பத்துப் பதினைந்து கற்களை மேல்பக்கம் எது என்று குறியிட்டு எடுங்கள். பூச்சு எல்லாம் அடியில் இருந்தால் அந்த மண் இடம் பெயராமல் நெடுங்காலம் கிடந்திருக்கிறது. சிலவற்றில் மேலும் சிலவற்றில் பக்கவாட்டிலும் இருந்தால், வெள்ளமோ வளை தோண்டும் பிராணிகளோ மனிதர்களோ அதைப் புரட்டியிருக்கிறார்கள்.

படி 7: சிலிக்காத் தட்டு – எரிமலையின் கையெழுத்து

சுண்ணாம்பு எந்தப் பாலைவனத்திலும் உண்டு. எரிமலை வண்டலைத் தனித்துக் காட்டுவது சிலிக்கா. எரிமலைக் கண்ணாடி காரத்தன்மையுள்ள ஈரத்தில் கரைந்து, சிலிக்காவை மண்ணீரில் விடுகிறது. மழை மிகுந்த நாட்டில் அது அடித்துச் செல்லப்படும். இங்கே வெளியேற வழியில்லை. தண்ணீர் நிற்கும் ஆழத்தில் ஒபல் வடிவில் படிந்து, மணலையும் சரளையையும் ஒட்டவைத்து, கடைசியில் கடப்பாரைக்கும் அசையாத தட்டாகிவிடுகிறது. மண்ணியலில் இதன் பெயர் டியூரிபான். விவரணையில் 'பிக்யூஎம்' (Bqm) அல்லது சுண்ணாம்பும் கலந்திருந்தால் 'பிகேக்யூஎம்' (Bkqm) என்று வரும். கடைசியில் உள்ள 'எம்' என்ற எழுத்தைக் கண்டால் நின்று நிதானியுங்கள். வேருக்கும் தண்ணீருக்கும் அதுவே கீழ் எல்லை.

சுண்ணாம்புத் தட்டா, சிலிக்காத் தட்டா என்பதைப் பிரித்தறியும் முறை எளிது. காற்றில் உலர்ந்த துண்டைத் தண்ணீரில் போடுங்கள். வெறும் காய்ந்த மண் கட்டி சில நிமிடங்களில் உதிர்ந்து அடியில் தங்கிவிடும். உதிராத துண்டை நீர்த்த அமிலத்தில் ஊறவையுங்கள். சுண்ணாம்பு மட்டுமே ஒட்டவைத்திருந்தால் பொங்கித் தளர்ந்துவிடும். பொங்கி அடங்கிய பிறகும் பாதிக்கு மேல் அப்படியே நின்றால் சிலிக்கா வேலை செய்திருக்கிறது. இறுதி உறுதிப்பாட்டுக்குச் சூடான அடர் காரத்தில் கரைத்துப் பார்ப்பார்கள். அது ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டியது, வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தட்டாக மாறுவதற்கு முந்தைய நிலையில் சிலிக்கா ஒட்டிய கடினமான முண்டுகள் மட்டும் இருக்கும். கற்களின் அடியில் தொங்கும் பூச்சிலும் சுண்ணாம்போடு சிலிக்கா கலந்திருக்கும். அமிலத்தில் வெள்ளை கரைந்த பின்னும் மங்கலான ஓடு மிஞ்சினால் அது சிலிக்கா.

எரிமலைச் சாம்பல் என்றவுடன் ஆண்டிசால் (எரிமலைச் சாம்பல் மண்களுக்கான தனி வரிசை) என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆண்டிசாலின் தனித்த குணங்களைத் தரும் அலோபேன் போன்ற பொருள்கள் உருவாக ஈரம் வேண்டும். வறண்ட நிலத்தில் கண்ணாடி பெரும்பாலும் கண்ணாடியாகவே கிடக்கிறது. அதனால்தான் இந்த மண்களில் மிகப் பல அரிடிசால் என்ற வறள்மண் வரிசையில் சேர்கின்றன.

படி 8: தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்

இப்போது எண்களாக மாற்றுவோம். கற்பனையான ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். முதல் 20 செ.மீ. இருபொறை மண், கல் 20 சதவீதம். அடுத்த 30 செ.மீ. களி கலந்த இருபொறை, கல் 45 சதவீதம். 50 செ.மீ. ஆழத்தில் தட்டு.

செடிக்குக் கிடைக்கும் நீரை மேல் அடுக்கின் நுண்மண்ணில் 15 சதவீதம், கீழ் அடுக்கில் 17 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: மேலே 200 மி.மீ. தடிமனில் 30 மி.மீ. தண்ணீர் தங்கும். கல் பங்கைக் கழித்தால் 24. கீழே 300 மி.மீ. தடிமனில் 51 மி.மீ. கல்லைக் கழித்தால் 28. மொத்தம் 52 மி.மீ. அந்தச் செடிகளின் முழுச் சேமிப்பும் இவ்வளவுதான். தாம்பரத்தில் அன்று ஒரு நாளில் பெய்தது இதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். கல் இல்லாத, தட்டு இல்லாத இருபொறை மண் ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால் அதே கணக்கில் 225 மி.மீ. கிடைக்கும். பலர் கல்லைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். அறிக்கையின் மீதிப் பக்கங்கள் அத்தனையும் அந்த ஒரு கழித்தலை நம்பி நிற்கின்றன.

இதிலிருந்து கல் எப்போதும் கெடுதல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வறண்ட நாட்டில் மணலும் சரளையும் கலந்த மண்ணில் சிறு மழைகூட ஆழமாக இறங்கி, வெயிலின் பிடியிலிருந்து தப்பிவிடும். கனத்த களியில் அதே மழை மேலேயே தங்கி ஆவியாகிவிடும். காவிரிப் படுகையில் களிமண்ணைப் போற்றும் நாம், இங்கே மணலுக்கு மதிப்புக் கொடுக்கப் பழக வேண்டும்.

படி 9: பெயரைப் பின்னாலிருந்து படியுங்கள்

'லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, சூப்பராக்டிவ், மெசிக் செரிக் ஆர்கிடியூரிட்ஸ்' என்று ஒரு வகைப்பாடு வந்தால் மிரள வேண்டாம். கடைசியிலிருந்து வாருங்கள். 'இட்ஸ்' வறள்மண் வரிசை. 'டியூர்' சிலிக்காத் தட்டு உண்டு. 'ஆர்கி' தட்டுக்கு மேலே களி சேர்ந்த அடுக்கு உண்டு. 'செரிக்' குளிர்கால மழையின் சாயல் உண்டு. 'மெசிக்' ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 8 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள். 'சூப்பராக்டிவ்' களி சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன் மிகுந்தது. 'மிக்ஸ்டு' எந்த ஒரு கனிமமும் மேலோங்கவில்லை. 'லோமி-ஸ்கெலிட்டல்' கல் 35 சதவீதமும் அதற்கு மேலும். நீங்கள் ஒன்று முதல் ஏழு படிகளில் பார்த்தவற்றில் பலவும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன.

படி 10: செடிகளைச் சாட்சிக்கு அழையுங்கள்

பெரிய சேஜ் புதர் ஆழமான மண்ணை நாடும். களி அடுக்கோ தட்டோ மேலேயே இருந்தால் குட்டைச் சேஜ் வந்துவிடும். சுண்ணாம்பு மிகுந்த, ஆழமற்ற சரளை மண்ணில் கருஞ்சேஜ். மணற்பாங்கான இடத்தில் இந்தியன் ரைஸ்கிராஸ் என்ற புல். பள்ளத்தின் உவர் நிலத்தில் கிரீஸ்வுட். மண் விவரணை 'ஆழமான மண்' என்று சொல்ல, புகைப்படத்தில் முழங்கால் உயரக் குட்டைச் சேஜ் மட்டுமே தெரிந்தால், நான் செடியைத்தான் நம்புவேன். வரைபடத் திட்டுக்குள் வேறொரு மண் கலந்திருக்கிறது என்று பொருள்.

மேய்ச்சல் பற்றி எழுதும்போது அடக்கம் தேவை. சுமார் 454 கிலோ எடையுள்ள ஒரு மாட்டுக்கு ஒரு மாதம் வேண்டிய தீவனமே அங்கே அளவுகோல். மண்ணை மட்டும் வைத்து அந்த எண்ணைச் சொல்லிவிட முடியாது. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் நல்ல ஆண்டின் சிறு பங்காகச் சுருங்கிவிடும். ஆனால் மண் சொல்லும் எச்சரிக்கைகளைக் கட்டாயம் எழுதலாம்: குமிழ் அடுக்கும் களியும் ஈரமாக இருக்கும் வசந்தத்தின் தொடக்கத்தில் மாடு மிதித்தால் மண் இறுகும், பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மேல்தோல் உடையும், காலியான இடத்தில் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் புகும். அது கோடைக்கு முன்பே காய்ந்து தீப்பற்றும். தீயில் போன சேஜ் எளிதில் திரும்புவதில்லை.

கையால் தொட்டுப் பழக ஓர் இடம்

நெவாடா போக முடியாதவர்கள் ஜோத்பூருக்கு ரயிலேறலாம். மேரான்கர் கோட்டையின் அடியில் இருப்பது மலானி எரிமலைத் தொகுதியின் ரயோலைட்டும் டஃபும். சுமார் 75 கோடி ஆண்டுகள் பழையவை. அங்குள்ள சூட்டில் ஒட்டிய டஃபும், தோமையார் மலையைப் போலவே, தேசியப் புவியியல் சின்னம். ஊரைச் சுற்றிய குன்றுகளின் அடிவாரத்தில் ரயோலைட் சரளை படிந்த மேய்ச்சல் நிலங்களும், நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரங்களும் இருக்கின்றன. வறண்ட நிலங்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஊரில்தான். இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே மழை ஜூலை முதல் செப்டம்பர் வரை வெப்பத்தில் பெய்கிறது. பாறையும் மிகப் பழையது, கண்ணாடியெல்லாம் எப்போதோ படிகமாகிவிட்டது. ஆகவே சுண்ணாம்பை நன்றாகப் பார்க்கலாம், சிலிக்காத் தட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அக்டோபர் முடிந்து வெயில் தணிந்தபின் போவது நல்லது. நிலத்துக்கு உரியவரிடமும், பொது மேய்ச்சல் நிலமென்றால் ஊராரிடமும் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கோயிலுக்கு விடப்பட்ட மேய்ச்சல் காடுகளில் கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து வையுங்கள். ஆடுகள் விழாதபடி அன்று மாலைக்குள் குழியை மூடிவிட வேண்டும்: முதலில் அடிமண், மேலே மேல்மண், கடைசியில் கற்களைக் கரும்பூச்சுப் பக்கம் வானம் பார்க்கும்படி அடுக்குங்கள்.